கூட்டத்தில் ஒரு பேர்

கருப்பண்ணனுக்குப் பாம்பென்றால் பயமில்லை. போலீஸ் என்றாலும் பெரிதாகப் பயமில்லை. மாரில் பாரம் ஏறுவது ஒன்றுக்குத்தான் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை. அரூருக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை தூக்குகிறவன், பாரத்துக்குப் பயப்படுகிறேன் என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். முதுகில் ஏறுகிற பாரம் தொழில். மாரில் ஏறுகிற பாரம் வேறு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மில் குடோனில் அட்டி சரிந்தது. கூரையைத் தொடுகிற உயரத்துக்கு அடுக்கியிருந்த மாவு மூட்டைகள். அட்டி ஒரேயடியாக விழுந்துவிடாது. அடிவரிசையில் எங்கோ ஒரு மூட்டை தையல் விட்டு மாவைக் கக்கும். மேலே இருப்பதெல்லாம் ஒரு விரல்கடை சாயும். அப்புறம் ஒரு மூச்சு நேரம் எல்லாம் சும்மா நிற்கும். அந்த ஒரு மூச்சில் ஓடிவிட வேண்டும். கருப்பண்ணன் ஓடாமல் அண்ணாந்து பார்த்தான்.

அடியில் கிடந்தபோது ஒன்று தெரிந்துகொண்டான். கத்தக் கூடாது. கத்தினால் மூச்சு வெளியே போகும். போன இடத்தில் மூட்டை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மறுபடி இழுக்க இடம் இருக்காது. வெளியே தெரிந்த அவன் காலைப் பிடித்துக் கூட்டாளிகள் இழுக்க, மேலிருந்தது இன்னும் சரிந்தது. மேஸ்திரி மாதுதான் ஓடிவந்து, "கால வுடுங்கடா முண்டங்களா! மேல இருந்து எடுங்கடா!" என்று கத்தினார். ஒவ்வொரு மூட்டையாக மேலிருந்து எடுத்தார்கள். அன்றிலிருந்து நெரிசல் பஸ்ஸில் அவன் ஏறுவதில்லை. திருவிழாத் தேருக்குக் கிட்டே போவதில்லை.

அப்படிப்பட்டவன் பங்குனி வெயிலில் தலைவர் கூட்டத்துக்குப் போனதற்குக் காரணம் தீர்த்தம்மாள்.

அவள் ஒரு கட்சியிலும் இல்லை. எந்தக் கட்சிக் கூட்டமானாலும் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டில் குனிந்து குனிந்து கிழங்கு பிடுங்குகிறவளுக்கு வருஷத்தில் ஒருநாள் அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது. அவள் ராசியோ என்னவோ, இதுவரை ஒரு தலைவரையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஒருமுறை ஹெலிகாப்டர் கிளப்பிய புழுதியை மட்டும் பார்த்தாள். இன்னொரு முறை ஒரு கையை மட்டும்.

"நல்ல செவப்புக் கை. மோதரம் போட்டிருந்தாரு," என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தலைவர் திறந்த வண்டியில் நின்றபடி அரூர் வழியாக வருகிறார் என்றதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லாரிகள் நுழைய முடியாதென்று மில்லுக்கும் லீவு விட்டுவிட்டார்கள்.

"தூரத்துல நின்னு மூஞ்சிய ஒருதரம் பாத்துட்டு வந்தர்லாங்க."

"டீவில பாத்தா மூஞ்சி தெரியாதா?"

"டீவில தெரியற மூஞ்சி எல்லார்க்கும் தெரியற மூஞ்சி. நான் நேர்ல பாக்கணும்."

ஆரோக்கியராஜின் டாடா ஏஸில் பத்துப் பேரோடு நின்றுகொண்டே போனார்கள். ஆரோக்கியராஜ் மில்லுக்குக் கிழங்கு லோடு அடிப்பவன். வண்டி ஓட்டும்போதும் வாய் சும்மா இருக்காது.

"அண்ணா, இன்னிக்காவது அக்காவ ஒம் பேரச் சொல்லச் சொல்லு. கூட்டத்துல காணாம போனா மைக்குல என்னான்னு அறிவிப்பாங்க? ஏங்க என்பவர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்னா?"

வண்டியே சிரித்தது. தீர்த்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கருப்பண்ணன் தோளில் ஒரு குத்து விட்டாள்.

அவள் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ஊரில் அந்த வயசுப் பெண்கள் பலர் சொல்வதில்லைதான். ஆனால் தீர்த்தம்மாள் அதில் கெட்டி. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவளைப் பெற்றவள் சொல்லி வளர்த்திருந்தாள். பேங்கில் புத்தகம் போடப் போனபோது, புருஷன் பேர் என்ன என்று கேட்டவரிடம், "எல்லையில நிக்கற சாமி பேருங்க சார்," என்றாள். அவர் முனியப்பன் என்று எழுதிவிட்டார். அதைத் திருத்த ஆறு மாசம் அலைந்தார்கள். ஓசூர்க் கம்பெனியில் வேலை செய்கிற மகள் அன்பரசி லீவில் வரும்போதெல்லாம், "ஒரே ஒரு தடவ சொல்லும்மா, பட்டுச்சேல எடுத்துத் தர்றன்," என்று வம்புக்கு இழுப்பாள். பட்டுச்சேலை வந்தபாடில்லை.

சேலம் ரோட்டோரம் மைதானம். ஒரு பக்கம் கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டுச் சுவர். மறுபக்கம் ஆள் ஆழத்துக்குக் கழிவுநீர்க் கால்வாய். யாரும் விழாமல் இருக்கச் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடித்திருந்தார்கள். பதினோரு மணிக்கு வருகிறார் என்றார்கள். ஒரு மணி ஆனது. "தலைவர் வந்துகொண்டே இருக்கிறார்" என்றது ஒலிபெருக்கி. இரண்டு மணிக்கும் அதையே சொன்னது. வந்தவர்கள் யாரும் போகவில்லை. வராதவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

காலையில் வண்டியிலிருந்து இறங்கும்போதே கருப்பண்ணன் சொல்லியிருந்தான்: "கையப் புடிச்சிக்க. வுடாத."

"ச்சீ, நாலு பேரு பாக்கறாங்க." அவன் தோளில் கிடந்த துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டாள். "இது போதும்."

மூன்று மணி வாக்கில் அவனால் கையைத் தூக்கி வேர்வையைத் துடைக்க முடியவில்லை. தூக்கலாம், ஆனால் தூக்கின கையை மறுபடி இறக்க இடமில்லை. முன்னால் நின்றவனின் சட்டை நனைந்து அவன் மாரோடு ஒட்டியிருந்தது. பின்னால் யாருடைய மூச்சோ அவன் பிடரியில் சுட்டது. விசில் ஊதிக்கொண்டு பிள்ளைகள் மண்டபத்துச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கட்சிக்காரர்கள் வீசிய தண்ணீர்ப் பாக்கெட்டுகள் தலைக்குமேலே பறந்தன. ஒவ்வொன்று விழும்போதும் அந்தப் பக்கம் ஆட்கள் சாய்ந்து, அந்தச் சாய்வு இவன் வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

அந்தச் சாய்வு அவனுக்குத் தெரியும். ஒரு விரல்கடை.

தீர்த்தம்மாள் பக்கம் தலையைத் திருப்பினான். "தீத்தா, போய்டலாம்."

"இவ்ளோ நேரம் நின்னுட்டு?"

"சொன்னாக் கேளு. இது நல்லால்ல."

"அந்தா பாருங்க, கொடி ஆடுது. வந்துட்டாரு. ஒரு நிமிசம். பாத்துட்டு நானே மொத ஆளா வர்றன்." எக்கி எக்கிப் பார்த்தாள். வேர்வையில் அவள் குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனால் அவளை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளுக்குள் ஓடு ஓடு என்றது. மறுபடியும் நின்று அண்ணாந்து பார்த்தான்.

வண்டி ரோட்டிலிருந்து மைதானத்துக்குள் திரும்பியது. முன்னால் இருந்தவர்கள் வண்டிக்கு வழிவிடப் பின்னால் வந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் தலைவரைப் பார்க்க முன்னால் வந்தார்கள். நடுவில் கருப்பண்ணன்.

ஒரு மூச்சு நேரம் எல்லாம் சும்மா நின்றது. ஒலிபெருக்கிகூட அப்போது வாயை மூடியதுபோல் இருந்தது.

அப்புறம் கால் தரையில் இல்லை. யாருடைய முழங்கையோ விலாவில் ஏறியது. தோளில் துண்டு ஒருமுறை இறுகியது, கழுத்தை அறுத்தது, சட்டென்று லேசானது. அவன் தலையைத் திருப்புவதற்குள் துண்டு பாம்பு மாதிரி நெளிந்து தலைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. அதன் முனையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கத்தக் கூடாது என்று உடம்பு சொன்னது. "தீத்தா!" என்று கத்தினான். மூச்சு போனது. போன இடத்தில் ஒரு முதுகு வந்து உட்கார்ந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டு முஷ்டியையும் மாருக்கு முன்னால் முட்டுக் கொடுத்து, வாயை மூடி, மூக்கால் ஒரு மடக்கு காற்று வாங்கினான். இன்னொரு மடக்கு. அதற்கு அப்புறம் கத்தவில்லை. காதை மட்டும் தீட்டிவைத்தான். அவள் கூப்பிடுவாள். கூப்பிட்டால் போகலாம்.

"ஏங்க!"

வலது பக்கம். அவன் தலை திரும்பியது.

"ஏங்க! ஏங்க!"

இன்னொரு குரல், முன்னால். நாலாபக்கமும் பெண்கள் 'ஏங்க' என்று கூப்பிட்டார்கள். நாலாபக்கமும் ஆண்கள் தலையைத் திருப்பினார்கள். எது தன் வீட்டு 'ஏங்க' என்று எவனுக்கும் தெரியவில்லை.

"கருப்பண்ணா!"

இடது பக்கம், தகரத்துப் பக்கமிருந்து ஒரு பெண்குரல். கீச்சென்று, தண்ணீரில் முங்கினவள் குரல் மாதிரி. யாரோ மகனைத் தேடுகிறாள் என்று நினைத்தான். அந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு கருப்பண்ணன்.

"கருப்பண்ணா!"

பாவம், பையன் எங்கே மாட்டினானோ. அவன் காது அந்தக் குரலைத் தள்ளிவிட்டு 'ஏங்க'வுக்காகத் துழாவியது. மூன்றாம் முறையும் அந்தப் பேர் வந்தது, பாதியில் அறுந்தது. அதே நேரம் வலது பக்கம் மண்டபத்துச் சுவரோரம், "ஏங்க, என்னால முடிலீங்க!" என்று ஒரு குரல். இலைப்பச்சைச் சேலை. தீர்த்தம்மாள் கட்டியிருந்ததும் இலைப்பச்சைதான்.

மூட்டைக்கு அடியில் தோளைக் கொடுப்பதுபோல் கொடுத்து நெம்பினான். இரண்டு பேருக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்தான். எவனோ கெட்ட வார்த்தை சொன்னான். பச்சைச் சேலைக்காரியின் தலை முந்தானைக்குள் சுருண்டிருந்தது. இடுப்பில் கைகொடுத்து அவளைத் தூக்கினான். சுவர்மேல் இருந்த பிள்ளைகள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவனும் சுவர் விளிம்பைப் பற்றி ஏறி, மறுபக்கம் மண்டப வளாகத்தில் விழுந்தான். நிறையக் காற்று இருந்தது. காற்றைக் குடித்தான்.

பக்கத்தில் அவள் முந்தானையை விலக்கினாள். ஐம்பது வயசு முகம். மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி.

கருப்பண்ணன் அவளையே பார்த்தான். வேறு முகமாக மாறிவிடாதா என்று பார்த்தான்.

"நல்லாருப்ப சாமி," என்று கும்பிட்டாள். "பாப்பாரப்பட்டிக்காரி நான், குள்ளம்மா. எங்கூட்டுக்காரரு தூக்கறாருன்னுதான் நெனச்சன். நீ யாரு பெத்த புள்ளையோ."

"எம் பொண்டாட்டின்னு நெனச்சிட்டன்," என்றான். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. "பச்சச்சேல. உள்ள இருக்கறா. பாத்தியாக்கா நீ? நெத்தியில பெரிய பொட்டு. கையில துண்டு வச்சிருப்பா."

"துண்டா? எம் பக்கத்துல ஒருத்தி நின்னா. கையில துண்டச் சுத்திக்கினு இருந்தா. அப்புறம் கூட்டம் அவள அந்தப் பக்கமா அடிச்சிக்கினு போயிருச்சு. தகரத்தண்ட." குள்ளம்மாள் மூச்சு வாங்கினாள். "அவ ஒம் பொண்டாட்டியா இருக்காது சாமி. அவ மவனையில்ல தேடுனா. கருப்பண்ணா கருப்பண்ணான்னு தொண்டை கிழியக் கத்துனா. நானே நெனச்சன், எந்தப் புள்ளைடா பெத்தவ கூப்படறதும் காதுல வாங்காம நிக்கறான்னு."

கருப்பண்ணனுக்குக் காது அடைத்தது. சுவருக்கு அப்பால் ஆயிரம் தொண்டை கத்துவது கிணற்றுக்குள் கேட்பது போலக் கேட்டது. கல்யாணமான இந்த இருபத்திமூன்று வருஷத்தில் அந்தக் குரலில் அந்தப் பேர் வந்ததில்லை. அதனால்தான் தெரியவில்லை. உயிர் போகிற நிலைக்கு வந்திருந்தால்தான் அவள் அதைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தபடி சுவரையே பார்த்தான்.

"சாமி, என்னாச்சு?"

"எம் பேருதான்க்கா," என்றான்.

எழுந்தான். அட்டி சரிந்த குடோனுக்குள் அவன் அப்புறம் ஒரு மாசம் கால் வைக்கவில்லை. இங்கே சுவர் ஏறி மறுபடி அதற்குள் குதிக்க வேண்டும். முதல் தடவை சுவர் பிடிபடவில்லை. இரண்டாம் தடவையும் சறுக்கி விழுந்தான். குள்ளம்மாள் குனிந்து முதுகைக் கொடுத்தாள். "ஏறு சாமி, ஏறு. என்னைய மிதிச்சு ஏறு." மிதித்து ஏறினான்.

வண்டி நகர்ந்து போயிருந்தது. கூட்டத்தில் பாதி அதன் பின்னால் ஓடியது. மீதிப் பாதி எங்கே போவதென்று தெரியாமல் சுற்றியது. தரையெல்லாம் செருப்பு. அறுந்த செருப்புகளின் மேல் கால் வைத்துத்தான் அவன் ஓடினான். தகரம் இருந்த இடத்தில் நாலு ஷீட் கால்வாய்ப் பக்கம் மடிந்து கிடந்தது. மடிந்த தகரத்தின் மேல் ஆட்கள் குவிந்து கிடந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர். சிலர் முனகினார்கள், சிலர் முனகவில்லை. இளவட்டங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று, கைக்கு அகப்பட்ட காலையும் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுக்க இழுக்கக் குவியல் கால்வாய்ப் பக்கம் சரிந்தது.

அடியில், ஒருவன் முதுகுக்கும் தகரத்துக்கும் இடையில், ஒரு கை மட்டும் நீட்டியிருந்தது. மணிக்கட்டில் அவன் துண்டு இரண்டு சுற்று.

அவன் மனசு அந்தக் கையைப் பிடித்து இழு என்றது. கை பிடிக்கவும் போனது. தன் காலைப் பிடித்து இழுத்த நாள் ஞாபகம் வந்தது.

"வுடுங்கடா!" குரல் அவனுக்கே புதுசாக இருந்தது. "இழுக்காதீங்கடா முண்டங்களா! மேல இருந்து எடுங்கடா!"

"யோவ், அடியில சாவறாங்கய்யா!"

"இழுத்தா எல்லாரும் சாவாங்க! மேலாளப் புடி. நீ தல, நீ காலு. ம், தூக்கு. அந்தாண்ட வை. அடுத்து."

ஆரோக்கியராஜ் எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். லோடு அடிப்பவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே கிடந்த பையனைத் தூக்கினார்கள். அப்புறம் ஒரு தடித்த ஆள், அப்புறம் இரண்டு பெண்கள். ஒவ்வொருவரையும் தூக்கும்போது கருப்பண்ணன் அந்தக் கையைத்தான் பார்த்தான். விரல் அசையவில்லை. அடுத்து. கடைசியாக அவள்மேல் குறுக்கே கிடந்த ஆளை எடுத்தார்கள். தீர்த்தம்மாளின் உதடு நீலமாக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை.

"அக்கா!" என்றான் ஆரோக்கியராஜ். கருப்பண்ணன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். மூக்குக்கு நேரே கன்னத்தை வைத்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அப்புறம், கிழிந்த சாக்கில் காற்று நுழைவதுபோல் ஒரு சத்தம்.

அரூர் ஆஸ்பத்திரியில் விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது, நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். கட்டில் நிரம்பியிருந்தது, தாழ்வாரத்தில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். வாசல் வழியே சாயங்கால வெயில் அவள் காலில் விழுந்தது. இரண்டு காலிலும் செருப்பில்லை. வெளியே இன்னும் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்று வரும்போதும் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் பேசினாள்.

"மூஞ்சியப் பாக்கலீங்க. தலப்பா மட்டுந்தான் தெரிஞ்சுது."

"மூஞ்சி கெடக்குது வுடு. பேசாத, வலிக்கும்."

அப்புறம் கேட்டாள்: "நான் கூப்ட்டன். உங்களுக்குக் கேக்கலையா?"

"எப்ப?"

"தகரத்தண்ட. உங்க முதுகு தெரிஞ்சுது. ஏங்க ஏங்கன்னு கூப்ட்டன். யார் யாரோ திரும்பினாங்க, நீங்க திரும்பல." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை நிறுத்தி நிறுத்திச் சேர்த்தாள். "அப்புறம் வேற மாதிரி கூப்ட்டன். மூணு தடவ."

கருப்பண்ணன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். துண்டை அவிழ்த்த இடத்தில் கன்றியிருந்தது.

"கேக்கல புள்ள," என்றான். "மைக்குச் சத்தம்."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லும்போது அவன் தொண்டையில் முடிச்சு ஏறி இறங்கும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவள் கண் அவன் மாரிலேயே இருந்தது.

"கேக்காததுதான் நல்லது," என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே? மாரு வலி, மயக்கம், அந்த மாதிரி?"

"எனக்கென்ன? கல்லுக்குண்டாட்டம் இருக்கறன்."

"வூட்டுக்குப் போறப்ப பாத்துப் போங்க. ரோட்டத் தாண்டறப்ப ரெண்டு பக்கமும் பாருங்க. ஒரு வாரத்துக்கு மில்லுக்குப் போவாதீங்க. அந்த அட்டியண்ட போவவே வேணாம்."

அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. விலா உடைந்து கிடக்கிறவள், தான் சொன்ன அந்த மூன்று தடவைக்காகப் பயந்துகொண்டிருந்தாள்.

நர்ஸ் பேடும் பேனாவுமாக வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்து இரைச்சலில் ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பேரு?"

"தீர்த்தம்மாங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

தீர்த்தம்மாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய உதட்டால் அவன் பக்கம் காட்டினாள்.

அவன் சொன்னான்.

"கேக்கலீங்க," என்றாள் நர்ஸ். "சத்தமா சொல்லுங்க."

மறுபடி சொல்ல வாயைத் திறந்தான். காதுக்குள் அந்தக் குரல் வந்தது. பாதியில் அறுந்தது. நர்ஸிடம் பேடை வாங்கி அவனே எழுதினான்.